பேன் பார்க்க ஒரு ஆள்

டித்வா புயல் கெலிஓயாவில் பியட்றிஸின் சமையலறையை மண்ணோடு வழித்துக்கொண்டு போனது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அடைக்கலம் தேடிவந்த பாடசாலை மண்டபத்தில் தலையில் பேன் பிடித்ததைத்தான் தாங்க முடியவில்லை. நாளை மறுநாள் மகன் அன்ட்ரூவுக்கு மாதா கோயிலில் மோதிரம் மாற்றுகிறார்கள். கண்டியிலிருந்து வரும் சம்பந்தியம்மா றொசானா, ஆளைக் கண்டால் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் உரசுகிற ரகம். ஒரே ஒரு பேன் அந்தப் பக்கம் ஏறினால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

மருந்து பூசிப் பார்த்தாள், பேன் சீப்பால் வாரிப் பார்த்தாள். ஈர் அசைவேனா என்றது. விரலால் பொறுக்க ஒரு பெண் வேண்டும். பெண்களெல்லாம் வீட்டுச் சேறு அள்ளப் போயிருந்தார்கள். கால் சுளுக்கி மண்டபத்துக் கதிரையில் கிடந்த பக்கத்து வீட்டுப் பிரேமிளா மட்டும்தான் மிச்சம். அவளோடு பேச்சு நின்று மூன்று வருஷம். அவள் குரங்குகளுக்கு வாழைப்பழம் வைப்பாள். அதுகள் தின்றுவிட்டு இவள் வீட்டுக் கூரைத் தகரத்தைப் பெயர்க்கும். அதுகளை விரட்ட இவள் பட்டாசு கொளுத்துவாள். இவ்வளவுதான் சண்டை.

மரங்கள் விழுந்துவிட்டதால் குரங்குகளும் இப்போது பாடசாலையில்தான். கண்ட இடத்தில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் இரண்டு குரங்குக் கூட்டங்களும் தண்ணீர்த் தாங்கியின் அடியில், இருந்த கொஞ்சூண்டு நிழலில் நெருக்கியடித்து, ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. வெட்கங்கெட்டதுகள் என்று பியட்றிஸ் முணுமுணுத்தாள். பொறாமையாகவும் இருந்தது.

கடைசியில் போய்ப் பிரேமிளாவின் கதிரைக்கு முன்னால் தரையில், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"தல அரிக்குது" என்றாள், சுவரைப் பார்த்து.

"ஏன், பட்டாசு கொளுத்திப் பாக்கலியா?"

பியட்றிஸ் தலையை இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தாள். அவளுடைய கொண்டை அவிழ்ந்தது. விரல்கள் உச்சியில் இறங்கின.

"அய்யோ அக்கா, இது தலையா, தோட்டமா! எத்தன நாளா வச்சிக்கிட்டிருக்கீங்க?"

"கேக்க ஆளில்ல பிரேமிளா."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. சமையலறை போனபோதுகூட வராத அழுகை. பிரேமிளா ஒரு பேனை நகத்தில் வைத்து நசுக்கினாள். பிறகு மெல்ல வாயைத் திறந்தாள். யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பது வரை மூன்று வருஷத்து ஊர்க்கதையும் வந்து கொட்டியது.

"எழும்புங்க, முடிஞ்சிருச்சி."

பியட்றிஸ் எழும்பிக் கதிரைக்குப் பின்னால் போய் நின்றாள். பிரேமிளாவின் கொண்டையை அவிழ்த்து, வகிடு பிரித்துத் தேடினாள். காதோரம் தேடினாள். பிடரியில் தேடினாள்.

"எனக்குப் பேனே இல்லக்கா."

"தெரியுது. அசையாம இரு."