மயில்கழுத்துக் கோப்பை

ஊர்வலம் தெருமுனை திரும்பிய கையோடு பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளி வாளியாகக் கொட்ட, எதிர்வீட்டுக் கன்னடக்காரி பசம்மா தென்னந்துடைப்பத்தால் தள்ள, அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து செவந்தி இதழ்களும் ஊதுவத்திச் சாம்பலும் வாசல் வழியே ஓடின. கனகாவுக்குச் சமையலறைத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களை ஒதுக்கியிருந்தார்கள். எல்லாம் காலையில் போட்டது போட்டபடி கிடந்தன. ஒவ்வொன்றாய்த் துலக்கிக்கொண்டே வந்தவள், ஒன்றை மட்டும் தொடவில்லை.

அந்தக் கோப்பை தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடந்தது. அடியில் ஓர் எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா லிங்கப்பன் அன்று காலை வழக்கம்போல் அதில் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அம்மா சென்னம்மா தோசைக்குக் கூப்பிட வந்தபோது பேப்பர் மடியில் கிடந்தது, உயிர் இல்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஹார்ட் என்றார். இத்தனை காலச் சர்க்கரை வியாதிக்காரருக்கு இப்படி நடப்பதுதான் என்றார். எல்லோருக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. கனகாவுக்குப் போதவில்லை.

அவள் கலைக்கல்லூரியில் மட்பாண்டம் படிக்கிறாள். இஞ்சினியரிங் சீட்டை விட்டுவிட்டு மண் பிசையப் போகிறாளாம் என்று சொந்த ஊரான அன்னூரில் உறவெல்லாம் சிரித்தபோது, லிங்கப்பன் ஒருவர்தான் மகள் பக்கம் நின்றார். சுட்ட மண்ணின் மேல் ஊற்றி மறுபடி சூளையில் வைத்தால் உருகிக் கண்ணாடியாகப் படியுமே, அந்தப் பூச்சுக்கு வகுப்பில் கிளேஸ் என்று பெயர். மாணவர்கள் தாங்களே கலந்து பார்க்கலாம். சின்ன வில்லைகளில் பூசலாம், பாத்திரத்தின் வெளிப்பக்கம் பூசலாம். ஆனால் குடிக்கிற பாத்திரமென்றால் உள்பக்கத்துக்கு வகுப்பு வாளியில் இருக்கும் சாதாரண வெள்ளைப் பூச்சுதான். எதற்கும் கோபப்படாத தீபக் சார் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார்.

கனகா தாமிரப் பொடியைக் கூட்டினாள், பேரியம் என்கிற ரசாயனப் பொடியைக் கூட்டினாள், சாம்பலும் இன்னும் என்னென்னவோ சேர்த்துப் பார்த்தாள். எத்தனையோ வில்லைகள் காய்ந்த சாணி நிறத்தில் வந்து அவளைக் கேலி செய்தன. ஒருமுறை சூளையைத் திறந்தபோது மயில்கழுத்து வந்திருந்தது. பச்சையா நீலமா என்று சொல்லமுடியாத, பட்டுச்சேலையில் மட்டுமே பார்க்கிற அந்த நிறம். பூச்சு கனமாகத் தேங்குகிற இடத்தில்தான் அது நன்றாக வந்தது. கோப்பையில் தேங்குகிற இடம் உள்பக்கம்தானே? ஊற்றிவிட்டாள். அலமாரியில் அழகுக்கு வைக்கத்தான் என்று அப்போது அவள் நினைத்தது சத்தியம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா அதை ஜன்னலோரம் எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எனக்குத்தான் கண்ணு. இனி எந்தக் காலத்துக்கும் ஸ்டீல் டம்ளரத் தொடமாட்டேன்."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதில் குடிக்காதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அதற்கப்புறம் நாளைக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று.

பிறகு ஒருநாள் தீபக் சார் வகுப்பில் ஒரு சோதனை காட்டினார். பூச்சின்மேல் ஓர் எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்க வைத்துவிட வேண்டும். காலையில் அந்த இடம் வெளுத்திருந்தால் பூச்சு கரைகிறது, அதிலிருக்கும் நஞ்செல்லாம் குடிக்கிறவர் வயிற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். கனகாவின் மயில்கழுத்து வில்லையில், எலுமிச்சை இருந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது.

இன்றைக்குச் சொல்லிவிடுவதென்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். வீட்டில் அப்பா, காலை நடைக்குக் கூட வருகிறவர்களை உட்காரவைத்துக் கோப்பையைக் காட்டிக்கொண்டிருந்தார். "எம் மக பண்ணுனது. கடைல கெடைக்காது." நல்லதாக இன்னொன்று செய்துகொடுத்து, இதை நைசாக எடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் கண்காட்சி வந்தது, பரீட்சை வந்தது.

ஒருநாள் அவரே கேட்டார். "உள்ள ஒரு கோடு உழுந்திருக்குது பாரு கண்ணு. உங்கப்பன் குடிச்சுக் குடிச்சே சாயத்தக் கரைச்சுப்போட்டேன்."

"அது அப்படித்தாம்ப்பா," என்றாள் கனகா.

இன்னொரு நாள் வாயெல்லாம் பித்தளை வாசம் அடிக்கிறது என்றார். சர்க்கரை மாத்திரை அப்படித்தான் பண்ணும் என்றாள் அம்மா. கனகா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்தாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் வெயில் தாழத் திரும்பி வந்து கொல்லையில் குளித்தார்கள். அண்ணன் உமேஷ் ஈரத்துண்டோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சென்னம்மா காலையில் உட்கார்ந்த மூலையைவிட்டு நகரவில்லை. ஒரு வாய் தண்ணீர் உள்ளே போகவில்லை. உதடு வெடித்திருந்தது.

பசம்மா தன் வீட்டிலிருந்து செம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். ஊற்றிக்கொடுக்க என்னமோ தேடி, தொட்டியில் கிடந்த கோப்பையை அலசி எடுத்தாள்.

"ஸ்வல்ப குடீரி சென்னம்மா. வெறும் வயித்துல எஷ்டொத்து உக்காந்திருப்பீங்க?"

கொஞ்சம் குடியுங்கள், எத்தனை நேரம் இப்படி என்று அவள் கெஞ்ச, வேண்டாமென்று தலையாட்டப்போன சென்னம்மா, கோப்பையைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

கனகா எங்கிருந்து எப்படி வந்தாளோ, பிடுங்கிவிட்டாள். மோர் சிந்திக் கழுவிய தரையில் ஓடியது.

"அதுல குடிக்கக் கூடாதும்மா."

உமேஷ் கண்ணைத் திறந்தான். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்?"

இப்போது சொல்ல வேண்டும். கனகா வாயைத் திறந்தாள்.

"சரியாத்தானே சொல்றா புள்ள," என்றாள் பஞ்சவர்ணம் அத்தை, வாசல்படியிலிருந்து. "போனவன் பொழங்குன பாத்திரத்துல பொண்டாட்டி வாய் வெக்கலாமா? அது முறையில்ல சாமி. காலேஜு படிச்சாலும் நம்ம முறைய மறக்கல பாரு எந் தம்பி மக."

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் என்றார்கள். அம்மா மகளின் கன்னத்தைத் தொட்டாள். பசம்மா ஸ்டீல் டம்ளரில் மீதி மோரை ஊற்றிக் கொடுத்தாள். கனகாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமி பிளக்கவில்லை. தப்பித்தோம் என்று உள்ளுக்குள் ஒரு மூச்சு விட்டாள். அதற்காகவும் தன்னை வெறுத்தாள்.

அத்தை சும்மா இருக்கிறவளா? அப்பா உடுத்திய வேட்டி, படுத்த போர்வை, சாப்பிட்ட தட்டு, எல்லாம் பொழுது சாய்வதற்குள் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று ஒரு துண்டை விரித்து மூட்டை கட்டினாள். கனகா கையிலிருந்த கோப்பையையும் வாங்கி மேலே வைத்தாள். சிதையடுக்கித் தீமூட்டக் கூட நின்ற பசவராஜ், வெளியே கேட்டருகில் காத்திருந்தார். அவருக்குத்தான் கொடுப்பது.

கனகா ஜன்னல் வழியே பார்த்தாள். பசவராஜ் மூட்டையை வாங்கிக்கொண்டு, மேலே இருந்த கோப்பையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். அப்பா திருப்பிய மாதிரியே. டீ குடிக்க நன்றாக இருக்கும், வீட்டுக்காரிக்குக் கொடுக்கிறேன் என்று அத்தையிடம் கன்னடத்தில் சொன்னார். அத்தை தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கோப்பை இந்தத் தெருவைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அப்பாவிடம் வாயை மூடிக்கொண்டிருந்ததும் இப்படித்தான் என்று அவளுக்கு நினைவு வந்தது. ஓடினாள்.

"அண்ணா, அதரல்லி குடீபேடி!" அதில் குடிக்காதீங்க என்று கன்னடத்தில் கத்தினாள்.

"யாக்கம்மா?" என்று காரணம் கேட்டார் பசவராஜ்.

தமிழில் அத்தனை நாளும் வராதது, கன்னடத்தில் கொட்டியது. அது நான் செய்தது. உள்ளே பூசியிருப்பது குடிக்கிற பாத்திரத்துக்கு ஆகாதது, புளிப்பு பட்டால் கரையும், உடம்புக்கு விஷம். எனக்குத் தெரியும். தெரிந்தும் எங்க அப்பா தினம் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவே இல்லை. மூச்சு வாங்கச் சொல்லிமுடித்தபோதுதான் பசவராஜ் தன்னைப் பார்க்கவில்லை என்று கண்டாள். அவர் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னம்மா வாசலில் நின்றிருந்தாள். கையில் பாதி மோரோடு டம்ளர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்தத் தெருவில் கன்னடம்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு வந்து, பசவராஜ் கையிலிருந்து கோப்பையை வாங்கினாள். பசவராஜ் மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். அம்மா திட்டுவாள், அடிப்பாள், தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று கனகா காத்திருந்தாள். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அம்மா கோப்பைக்குள் பார்த்தாள். மயில்கழுத்து நிறத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு உள்ளே சுற்றிலும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெளுப்பு. அதன்மேல் விரல் நகத்தை வைத்தாள்.

"இதுவரைக்குந்தான் ஊத்துவேன்," என்றாள். "மேல ஊத்துனா நெஞ்செரியுதும்பாரு."

"அம்மா..."

"தெனமும் நாந்தான புழிஞ்சு குடுத்தேன்."

"இல்லம்மா. டாக்டர் ஹார்ட்டுன்னுதான சொன்னாரு? சர்க்கரைன்னுதான சொன்னாரு?" தான் நம்பாததை அம்மாவை நம்பவைக்கக் கனகா கெஞ்சினாள். அம்மா கோப்பையோடு உள்ளே போனாள்.

சமையல் மேடையில் ஒரு கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தது. சென்னம்மா அதைத் தூக்கினாள். காலையில் பிழிந்தது போக, நாளைக்கென்று மூடிவைத்த பாதி எலுமிச்சை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கோப்பையை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து கை கழுவினாள். ஈரக்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சோப்பை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.