ஒன்றியத்தின் முதலாம் முன்னுரிமை

1996ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில், ரொறன்ரோத் தமிழ்பேசும் சங்கங்களின் ஒன்றியத்திற்குத் தலைமை தாங்கும் முறை எங்கள் வடபகுதி முஸ்லிம் சங்கத்திற்கு வந்தது. ஏழு சங்கங்களும் ஆறு மாதத்திற்கொரு தடவை மாறி மாறித் தலைமையேற்க வேண்டும். தலைமையேற்கும் சங்கம் தன் முன்னுரிமைகளை அவையில் வைக்க வேண்டும். அவற்றை ஒட்டாவாவில் அரசாங்கத்தாரிடம் ஒரே குரலில் எடுத்துரைக்க வேண்டும். ஒன்றியத்தின் விதித்தொகுப்பாகிய யாப்பு இவ்வாறு கூறிற்று.

எங்கள் தலைவர் ஹலீம் நானாவும் செயலாளராகிய நானும் ஒரேயொரு முன்னுரிமையையே எழுதினோம்: ‘வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாம்களில் வாழும் முஸ்லிம்கள் சொந்த ஊர் திரும்பும் உரிமையை ஒன்றியம் ஆதரிக்கிறது.’ 1990இல் தமிழ்ப் போராளிகள் எங்களை வெளியேற்றியதிலிருந்து என் தங்கை நஸ்லியா அம்முகாம்களுள் ஒன்றில், ஓலைக் குடிசையில் இருந்தாள். அந்த வாக்கியத்தைத் தமிழர்கள் தம் வாயால் ஒரு முறையேனும் சொல்லக் கேட்க வேண்டும் என்பதே அவளுடைய விருப்பம்.

சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம் நடைபெற்றது. பதவி விலகும் தலைவர் தியாகலிங்கம் எங்கள் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி றிம்ஸான், முன்னுரிமை எங்கை?”

“உதுதான் அண்ணை.”

“உது அரசியல். நான் கேக்கிறது முன்னுரிமை. கலைவிழாவிலை ஆருக்கு முன்வரிசை, ஆர் முதல் விளக்குக் கொளுத்துறது?”

நான் நகைச்சுவையென்று எண்ணினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முந்தைய தலைமைகளின் காலத்தில் அச்சொல் இந்தப் பொருளுக்குத் தேய்ந்துவிட்டிருந்தது. பின்னர் நாற்காலிகளைப் பற்றி நெடுநேரம் வாதிட்டார்கள். ஒரு சங்கத்தார் தூணுக்குப் பின்னால் அமர்த்தப்பட்ட பழைய அவமானத்தைக் கண்கலங்க நினைவூட்டினர்.

“ஹலீம் அண்ணை விளக்குக் கொளுத்துவாரோ? அவையின்ரை மார்க்கத்திலை சரிவராதெல்லே?” என்றார் ஒருவர்.

“கொளுத்தாட்டிப் பரவாயில்லை, நெருப்புப் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்,” என்றார் மாதர் சங்கத் தலைவி குணவதி. இதற்கு எல்லோரும் சிரித்தனர். அவரே ஒரு தட்டை என்னிடம் நீட்டினார். “ரோல்ஸ் எடுங்கோ தம்பி. உங்களுக்கெண்டே ஹலால் இறைச்சி வாங்கிச் செய்தது.”

தட்டை வாங்கி மேசையில் வைத்தேன். நான் எழுந்து, எங்கள் வாக்கியத்தை உரக்க வாசித்தேன்.

“எங்கடை சனமும் போன ஐப்பசியிலை ஆமிக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிட்டதுதானே?” என்றார் தியாகலிங்கம். “நாங்கள் உங்களிட்டை வந்து அழுதனாங்களோ?”

“உங்கடை சனத்துக்காகவும் எழுதுவம் அண்ணை. ஆனா எங்களை வெளிக்கிடச் சொன்னது ஆர்? அதைச் சொல்லுங்கோவன்.”

தியாகலிங்கம் என்னை விட்டு ஹலீம் நானாவின் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் குழைந்தது.

“அண்ணை, நீங்கள் மூத்த ஆள். ‘சகல சமூகங்களின் நல்லுறவு’ எண்டு மாத்துவம். முன்வரிசையிலை நடுக்கதிரை உங்களுக்கு. வீடியோக்காரனுக்கும் சொல்லிவிடுறன்.”

நான் ஹலீம் நானாவைப் பார்த்தேன். அவர் மனைவியின் குடும்பத்தாரும் அதே முகாமில்தான் இருந்தனர். அவர் தொண்டையைச் செருமினார்.

“நடுக்கதிரை எண்டா, சரி நடுவிலையோ?”

எல்லோரும் கைதட்டினார்கள். வாக்கியத்தை வெட்டுமாறு எனக்குக் கட்டளை வந்தது. பேனாவை ஹலீம் நானாவின் முன்னால் வைத்தேன். அவர் சற்றும் தயங்காமல், கோடு வளையாதபடி கவனமாக வெட்டினார்.

வெளியே பார்லிமென்ற் வீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, அவர் என் தோளில் கை வைத்தார். “தங்கச்சியிட்டைச் சொல்லும், தலைமை எங்கடை கைக்கு வந்திட்டுதெண்டு.”

“நீங்களே சொல்லுங்கோ நானா. முகாமடிக் கடையின்ரை நம்பர் தாறன்.”

“எனக்கு இப்ப நேரமில்லை,” என்றார் அவர். “கோட்டுத் தைக்கக் குடுக்கவேணும்.”

அவருடைய கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் அவரைத் தனியே ஏறவிட்டு, நான் நடந்தேன்.