எச்சரிக்கை சொல்ல வந்தவர்

வெல்டர் ஒரு இரும்புக் கேட்டின் கடைசிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வரிசை டயர் கடைக்காரன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அண்ணே, பக்கத்து நாட்டுக்காரன் ஒருத்தன் ஆத்துப் பாலத்துல நிக்கிறான்! ஏதோ பெட்டி மாட்டுறான்!”

வெல்டர் முகக்கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு, ஒரு இரும்புக்கம்பியோடு ஓடினார். போன வருட வெள்ளத்தில் அவருடைய தம்பி இதே தெருவில் அடித்துச் செல்லப்பட்டான். ஆறு பிறக்கும் பக்கத்து நாட்டுக்காரர்கள் வேண்டுமென்றே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. உண்மையில் திறப்பதற்கு முன்பே அவர்கள் தகவல் அனுப்பியிருந்தார்கள். அது தலைநகரம் போய், மேசை மேசையாக இறங்கி, இந்த நகராட்சிக்கு வந்து சேர மூன்று நாள் ஆனது. அதற்குள் தம்பியின் உடலே கிடைத்துவிட்டது.

இனி அப்படி ஆகக் கூடாது என்றுதான் இரண்டு நாடுகளும் சேர்ந்து பாலத்தில் அந்தப் பெட்டியைப் பொருத்த முடிவு செய்திருந்தன. மேலே நீர் ஏறினால் இங்கே உடனே சங்கு ஊதும். இதை யாரும் வெல்டருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று அவர் காதில் ஏறியிருக்காது.

பாலத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பக்கத்து நாட்டுப் பொறியாளர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். “கொஞ்சம் கேளுங்க… இது உங்களுக்காகத்தான்…”

“என் தம்பியக் கொன்னுட்டு எனக்காகவா?”

வெல்டரின் இரும்புக்கம்பி பொறியாளரின் தாடையில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழுந்தவரை ஆளாளுக்கு மிதித்தார்கள். வெல்டர் பெட்டியை அடித்து அடித்துத் தகரக் குப்பையாக்கினார். போலீஸ் வருவதற்குள் கூட்டம் கலைந்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஆறு ஊருக்குள் புகுந்தது. மழைநீர்க் கால்வாய் மேல் வரிசையாகக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதில் வெல்டர் பட்டறையும் ஒன்று. போக வழியில்லாத தண்ணீர் தெருவையே கால்வாயாக்கிக்கொண்டது. கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நசுங்கின. ஒரு மதில் அப்படியே சாய்ந்து இருவரை அமுக்கியது.

வெல்டரின் மனைவி தெருக்கோடித் தையல் கம்பெனியில், நிலத்தடி அறையில் வேலை செய்தாள். அவர் கடப்பாரையோடு மார்பளவு நீரில் நீந்தாத குறையாகப் போய்ச் சேர்ந்தபோது, அறைக் கூரையை ஒட்டிய ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே கைகள் மட்டும் தெரிந்தன. அவர் நெம்பினார். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. கம்பி வளைந்ததும் ஒவ்வொருத்தியாக இழுத்துப் போட்டார். எட்டாவதாக அவர் மனைவி வந்தாள், தோள் எலும்பு முறிந்து. அதற்குப் பிறகு கை எதுவும் நீளவில்லை. உள்ளே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி டயர் கடைக்காரனின் தங்கை.

ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் அழுதுகொண்டே பேசினாள். “மேல் வார்டுல தாடைக்குக் கம்பி கட்டி ஒருத்தர் படுத்திருக்கார். காலையில அவங்க நாட்டு அணை ஆஃபீஸ்லேருந்து அவருக்கு ஃபோன் வந்துச்சு. அவரால பேச முடியல. தாள்ல அவங்க எழுத்துல கிறுக்கிக் கிறுக்கிக் காட்டுறார், எங்களுக்குப் புரியல. வெள்ளம்னு புரிஞ்சு நாங்க நகராட்சி ஆஃபீசுக்குச் சொல்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் போச்சு. யாரோ பாவிங்க அடிச்சாங்களாம்.”

மனைவி மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். பாலத்தில் நடந்தது அவளுக்குத் தெரியும்.

“ரெண்டு மணி நேரம் இருந்திருந்தா நாங்க எல்லாரும் வீட்டுக்கு நடந்தே போயிருப்போம்” என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நீர் வடிந்த மறுவாரம், புதுப் பெட்டி பொருத்தப் பக்கத்து நாட்டிலிருந்து வேறு இருவர் வந்தார்கள். மறுபடி கூட்டம் கூடியது. இந்த முறை முன்னால் நின்றவன் டயர் கடைக்காரன்.

வெல்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

“தள்ளுங்கண்ணே! என் தங்கச்சியக் கொன்ன நாட்டுக்காரங்க இவங்க!”

“இல்லடா. உன் தங்கச்சியக் கொன்னது நான்.”

எங்கிருந்தோ வந்த கல் அவர் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமலே பேசினார்.

“போன வருஷம் அவங்க சொல்லலன்னு குதிச்சோம். இந்த வருஷம் சொல்ல வந்தவர் வாயையே உடைச்சேன். அந்தக் கம்பியப் புடிச்சது இந்தக் கைதான். இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். ஆனா கேட்டுக்கோங்க, ஆறு எந்த நாட்டையும் கேட்டுக்கிட்டு ஓடல. மேல இருக்கிறவனும் கீழ இருக்கிறவனும் பேசிக்கிட்டாத்தான் நாம பொழைப்போம். அவனை அடிச்சா சாகப்போறது நம்ம வீட்டு ஜனம்தான்!”

டயர் கடைக்காரனின் கையிலிருந்த கல் நழுவி விழுந்தது. அவன் பாலத்தின் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வந்திருந்த இருவரும் பெட்டியைத் தூக்கி நிறுத்த, வெல்டர் தோலுரிந்த கையோடு அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.