விளையாட்டுப் பக்கத்தில் வந்த வெள்ளைத்தாய்

பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் காசிராஜனிடம், "மக என்ன வேலை பாக்குது?" என்று யாராவது கேட்டால், "போன்ல பேசுற வேலை" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. கோகிலாம்பாள் காலையில் பல் விளக்கியதும் போனைக் கையில் எடுத்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைப்பாள். பாடுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் அவள் பி.ஆர்.ஓ. புதுப்பாட்டு வருகிற சேதியைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்புவது, எப்.எம்.காரர்களிடம் பக்குவமாகப் பேசி நேரம் வாங்குவது, யூடியூப் சேனல்காரர்களைப் பேட்டிக்கு வரவழைப்பது, வராமல் ஏமாற்றியவர்களைக் கோபம் காட்டாமல் மறுபடியும் கூப்பிடுவது, இதெல்லாம் அவள் பாடு. சில வருடம் சென்னையில் இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டாள். போன் இருந்தால் எங்கிருந்தும் பார்க்கிற வேலைதானே என்று பிறகு கடை மாடிக்கே வந்துவிட்டாள்.

பாட்டை விட்டால் அவளுக்குக் கிறுக்கு என்றால் கபடிதான். மல்லாங்கிணறிலோ காரியாபட்டிப் பக்கமோ போட்டி என்று காதில் விழுந்தால் போதும், ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவாள். கோட்டோரம் நின்று, "ஏலே, காலப் பிடி! கால விடாத!" என்று அவள் கத்துகிற கத்தில் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும். "ஜலதோஷமா மேடம்?" என்று பத்திரிகைக்காரர்கள் போனில் விசாரிப்பார்கள். ஆமாம் என்று சொல்லி வைப்பாள்.

இந்த வருடம் அவள் கைக்கு வந்த பாட்டுக்காரி வெள்ளைத்தாய். திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். நாற்பதைத் தாண்டியவள். ஒரு சடங்கு வீட்டில் அவள் பாடிய பாட்டைக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள் கோகிலா. அன்றைக்கே சென்னையில் ஒரு பாட்டுக் கம்பெனிக்குப் பேசிப் பதிவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். வெள்ளைத்தாய் தன் வீட்டுக்காரர் இருளப்பசாமியைக் கேலி செய்து தானே கட்டிய பாட்டு அது.

'டிராக்டர ஓட்டச் சொன்னா
டீக்கடைக்கு ஓட்டுறாரு
உழவு பாதி கெடக்குதுங்க
ஊர்க்கதைய உழுகுறாரு!'

பாட்டு நன்றாக வந்துவிட்டது. கோகிலா எழுதிய சேதிதான் கோளாறாகிப் போனது. தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் வெள்ளைத்தாய் தனியாக நிற்கிற படம். அதன் கீழே, 'பசியிலும் வறட்சியிலும் பிறந்த கண்ணீர்க் குரல்' என்று ஒரு வரி. இப்படி எழுதினால்தான் சேனல்காரர்கள் வருவார்கள் என்பது அவள் அனுபவம். அதே மாதிரி மூன்று சேனல்கள் உடனே வருகிறோம் என்றன. அந்தச் சந்தோஷத்தில், அச்சடித்த போஸ்டரோடு திருச்சுழிப் பக்கம் கிளம்பினாள்.

களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. கையைத் துடைத்துவிட்டுப் போஸ்டரை வாங்கிய வெள்ளைத்தாய் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏத்தா கோகிலா, யாரு பசியில கெடந்தது?"

"அது சும்மா விளம்பரத்துக்கு எழுதுறதுக்கா."

"காலையில வயிறு முட்டத் தின்னுபிட்டுத்தான ஒன் முன்னால நிக்கேன்? எம்பாட்டுல அழுக எந்த எடத்துல வருது, சொல்லு பாப்போம். மழ இல்லாமப் போனா வெள்ளாம போகத்தான் செய்யும். அதுக்குன்னு நாங்க சிரிக்கிறத விட்டுட்டமா?"

மூடை தைத்துக்கொண்டிருந்த இருளப்பசாமி எட்டிப் பார்த்தார். "என்னையக் கிண்டலடிச்சுப் பாடுறதக்கூடப் பொறுத்துக்கிருவேன் தாயி. பொண்டாட்டியப் பட்டினி போட்டவன்னு போஸ்டர் ஒட்டுனா எப்படி வெளிய போவேன்?"

கோகிலாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதல்முதலில் கேட்டபோது இந்தப் பாட்டு தன்னை என்ன செய்தது? அதை எழுதாமல் வேறு எதையோ எழுதியிருக்கிறோமே என்று உறைத்தது. "தப்புத்தான்க்கா, மாத்திருதேன்" என்றாள். அங்கேயே, கிளிப்பச்சைப் பட்டுச்சேலையும் கறுப்புக் கண்ணாடியுமாக வெள்ளைத்தாயை டிராக்டரில் ஏற்றிப் படம் எடுத்தாள். 'சிரிக்காமல் கேட்க முடியாது' என்று கீழே எழுதிப் புதிதாக எல்லாருக்கும் அனுப்பினாள்.

பலன் மறுநாளே தெரிந்தது. "சோகக் கதைன்னு நெனச்சோம் மேடம். வசதியான வீட்டு அம்மா பாடுறதுல என்ன இருக்கு?" என்றது ஒரு சேனல். மற்ற இரண்டும் போனையே எடுக்கவில்லை. பழைய படத்தையே போடச் சொன்னார் கம்பெனிக்காரர். கோகிலா முடியாது என்றாள். "அப்ப ஞாயித்துக்கிழமை நடக்குற பாட்டு வெளியீட்டு விழாவுக்கு ஆள் சேக்குறது உங்க பொறுப்பு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் மல்லாங்கிணறில் கபடி இறுதி ஆட்டம். கூட்டமே வராத விழாவுக்காக அந்த ஆட்டத்தையும் பார்க்க முடியாதே என்று நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. சேராத கூட்டத்தை ஏன் சேர்க்க வேண்டும்? சேர்ந்திருக்கிற இடத்துக்கே போனால் என்ன? போட்டி நடத்தும் நாகராஜைக் கூப்பிட்டாள்.

"இடைவேளையில ஒரே ஒரு பாட்டுண்ணே."

"கபடி பாக்க வந்தவன் பாட்டா கேப்பான்?"

"கபடியே 'கபடி கபடி'ன்னு மூச்சு விடாமப் பாடிப் போற ஆட்டந்தானண்ணே."

நாகராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி, வா. விசில் அடிச்சதும் எறங்கிரணும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் பாதி முடிந்தபோது, உள்ளூர் அணி பின்தங்கிக் கிடந்தது. அதன் சூரன் அருண்பாண்டியன் பாடிப் போன போதெல்லாம் பிடிபட்டான். கடைசித் தடவை எதிரணிப் பக்கத்துக் கோட்டை மட்டும் தொட்டுவிட்டு, ஆள் யாரையும் தொடாமல் அப்படியே திரும்பி ஓடி வந்துவிட்டான். எரிச்சலோடு டீக்கடைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து வெள்ளைத்தாய் மைக்கைப் பிடித்தாள். மைக் கீச்சென்று கத்தியது. முதல் இரண்டு வரியை யாரும் காதில் வாங்கவில்லை.

'ஊர்க்கதைய உழுகுறாரு' என்ற இடத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பரவியது. டீக்கடைக்குப் போனவர்கள் டம்ளரோடு திரும்பி வந்தார்கள். தன் வீட்டுக்காரரைக் கேலி செய்து முடித்த வெள்ளைத்தாய், ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அருண்பாண்டியனைப் பார்த்துவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நிமிடம் கட்டியதுதான்.

'பாடிப் போன மருமகனே
பயந்து திரும்பி வந்தீகளே
கோட்டத் தொட்ட காலுக்குக்
கொலுசு வாங்கித் தரட்டுமா?'

மைதானம் அதிர்ந்தது. "ஒன்ஸ்மோர்" என்று பிடித்துக்கொண்டார்கள். நடுவர் ஊதிய விசில் யார் காதிலும் விழவில்லை. அருண்பாண்டியன் முதலில் முறைத்தான். அப்புறம் அவனுக்கே அடக்க முடியவில்லை. இரண்டாம் பாதியில் பாடிப் போனவன், தன்மேல் விழுந்த அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டான். கூட்டமே "கொலுசு வேணாம்! கொலுசு வேணாம்!" என்று கத்தியது. கோகிலாவின் சத்தம் எல்லாருக்கும் மேலே கேட்டது. உள்ளூர் அணி ஒரு புள்ளியில் ஜெயித்தது.

ஆட்டத்தைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரர் வீரபாண்டி, பாட்டையும் சேர்த்தே எழுதினார். மறுநாள் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தில், கோப்பைக்குப் பக்கத்தில், பச்சைப் பட்டோடு சிரித்தாள் வெள்ளைத்தாய். அந்த வாரம் பூராவும் கொலுசுப் பாட்டு போனுக்குப் போன் பறந்தது. "பாட்டுச் சேதி விளையாட்டுப் பக்கத்துல எப்படிம்மா வந்துச்சு?" என்று கம்பெனிக்காரர் ஆச்சரியப்பட்டார்.

போனை எடுக்காத சேனல்கள் தாமாகவே கூப்பிட்டன. கோகிலாவே அவர்களைக் கிராமத்துக்குக் கூட்டிப் போனாள். வெள்ளைத்தாய் டிராக்டரில் இருந்தபடியே, "செத்த உக்காருங்கய்யா, இந்தச் சால உழுது முடிச்சுட்டு வாரேன்" என்றாள். கேமராக்காரர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். இருளப்பசாமி அவர்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கி வந்து கொடுத்து, பாட்டில் வருகிற ஆள் நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

கோகிலாவின் போன் அடித்தது. அருண்பாண்டியன்.

"யக்கா, கொலுசுப் பாட்டையும் ரெக்கார்டு பண்ணப் போறீகளாமே? பின்பாட்டுக்கு எங்க டீம் மொத்தமும் வாரோம்."

கம்பெனியைக் கேட்கவேண்டும் என்று கோகிலாவுக்குத் தோன்றவே இல்லை. "மூச்சு விடாமப் பாடணும்லே, முடியுமா?" என்று கேட்டாள்.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீக!" என்றான் அவன்.