சூடத்தின்முன் நீளாத கை

இடுப்பின் இருமருங்கும் உளிபட்ட பாறையெனத் தெறித்து நோவ, இரண்டு கல் தொலைவிலுள்ள ஓடையில் முகந்த குடத்தைச் சுமந்து நஞ்சம்மா மேடேறி வந்த மாலைப்பொழுதில், குருபரப்பள்ளிக்குத் தென்பால் நிரைநிரையாய்க் கிடந்த கருங்குன்றுகள், வெயிலை விழுங்கிய யானைக்கூட்டம்போல் அசைவற்றுப் படுத்திருந்தன. பகலெல்லாம் அக்குன்றுகளில் கல்லுடைத்து, அந்தியில் நீருக்கு நடக்கும் கீழ்த்தெருவின் நாற்பது குடிகட்கும் கிணறென்று ஒன்றில்லை. ஆயினும், அறிவுசால் பெருமக்களே, வாக்குரிமையென்று ஒன்று அவர்கட்கும் வந்திருந்தது.

அதனை நாடி வந்தவர், நூறு காணி நிலத்திற்கு உரியவரும் ஊராட்சித் தலைமைக்கு நின்றவருமான வெங்கடப்பன். மக்களின் மனத்தை நம்பாது அவர்தம் அச்சத்தையே நம்பிய அவர், அன்றந்தியில் கீழ்த்தெருவாரை மாரியம்மன் கோயில் வாயிலில் நிறுத்தி, தட்டில் சூடம் கொளுத்தி, எரியும் சுடரை உள்ளங்கையால் அணைத்துத் தமக்கே வாக்களிப்பதாக ஆணையிடப் பணித்தார். அணைத்தபின் சொல் பிறழ்ந்தால் குடி அழியும் என்பது அந்நிலத்தார் துணிபு. அதுகாறும் தங்களை நெருங்கவிடாத வாயில் அன்றுமட்டும் திறந்ததை நஞ்சம்மா ஐயுற்று நோக்கினாள்.

"சாமி, கெணறு வெட்டித் தர்றேன்னீங்களே, நெசந்தானா?"

"நெசந்தான். அணை மொதல்ல, சூடம் கரையுது."

"அப்ப மொதக் கை உங்களுதா இருக்கட்டும். கெணத்துக்கு நீங்க அணைங்க. ஓட்டுக்கு நாங்க அணைக்கிறோம்."

"என்னையே சோதிக்கிறியாடி?"

"சுட்டா ஊதி விடறோம் சாமி, சும்மா நீட்டுங்க!" என்று பின்னின்று பூவம்மாள் சொல்ல, கூட்டம் வாய்பொத்திச் சிரித்தது.

வெங்கடப்பன் கை நீட்டினார். அம்மையின் வெள்ளிக்கண் நேர்நோக்க, பாதி வழியில் நின்ற அக்கை மெல்லத் திரும்பியது. பிறரை அஞ்சுவிக்கக் கொணர்ந்த தெய்வத்திற்குத் தாமே அஞ்சினார். சூடம் தானே எரிந்தவிந்தது. கிணறு அவர் நெஞ்சில் ஒருநாளும் இருந்ததில்லையென எவரும் சொல்லாமலே நாற்பது குடியும் அறிந்தது.

எவர்க்கும் கட்டுப்படாத கைகளோடு வாக்களித்த கீழ்த்தெருவார், எதிர்நின்ற புளிமண்டிக்காரர் திம்மராயனை வெல்வித்தனர். "கெணறு என் பொறுப்பு தாயி" என்று அவர் கைகூப்பியபோது, இன்சொல்லில் மயங்கி, அவர்முன் சூடம் கொளுத்த எவரும் நினைந்திலர், நஞ்சம்மாவும் நினைந்திலள்.

தெய்வ அச்சம் ஒருவர் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. மற்றொருவரிடம் மெய்யை அது ஈன்று தரவில்லை. மூன்று கோடை கழிந்தன. ஊராட்சித் தலைவர் திம்மராயன் கீழ்த்தெருவுக்குத் தரவேண்டிய கிணறு ஒன்று, இன்றளவும் கடன்.