முதுகு காட்டாத அம்பயர்

மறுநாள் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையை வைத்துக்கொண்டு எவனாவது பந்து வருகிற பாதையில் போய் நிற்பானா? ஜனகராஜ் நின்றான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துப் பல்கலைக்கழக ஆபீசில் அவன் தற்காலிக டைப்பிஸ்ட். பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். விரல் ஒன்று போனால் டைப்பும் இல்லை, வீட்டில் அப்பா நெய்கிற தறிக்கும் லாயக்கில்லை.

பேஸ்பால் எண்பத்தைந்தில்தான் எங்கள் பக்கம் தலைகாட்டிய ஆட்டம். பல்கலைக்கழக மைதானத்தில் நடந்த கல்லூரி மேட்சுக்கு அம்பயராக ஆள் கிடைக்கவில்லை. விதிகளை ஸ்டென்சிலில் அடித்தவன் இவன்தானே என்று விளையாட்டு ஆசிரியர் இவனைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சருக்கும் பின்னால் அம்பயர் குனிந்து நிற்க வேண்டும். வலது கை கேட்சரின் முதுகுக்குப் பின்னால் மறைவாக இருக்க வேண்டும். இடது கையை மடக்கி, கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, வயிற்றோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மட்டையில் உரசிய பந்து எங்கே திரும்பும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. அத்தனையும் ஜனகராஜுக்கு மனப்பாடம்.

ஆனால் வலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆபீஸ் சூப்பிரண்டு பட்டாபிராமன். இவனை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்ய வேண்டிய மனிதர். அவருக்கு முதுகைக் காட்டி, அதுவும் குனிந்து நிற்பதா? அவர் அறையை விட்டு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருகிறவனாயிற்றே இவன்! பந்துக்குப் பந்து பக்கவாட்டில் திரும்பினான். திரும்பத் திரும்ப இடது கை முன்னால் வந்து தொங்கியது.

கேட்சர் நல்லகாமன் உசிலம்பட்டிக்காரன். பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அண்ணே, கைய உள்ள வைங்க. பந்துக்கு சூப்பிரண்டும் தெரியாது, டைப்பிஸ்டும் தெரியாது.”

கடைசிச் சுற்றில் இரண்டு அணியும் சமம். எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாவது பேஸில் நின்றான். அவன் ஓடிவந்து, கேட்சருக்கு முன்னால் இருக்கும் ஹோம் பிளேட்டைத் தொட்டால் நல்லகாமன் அணி காலி.

பந்து வீசுகிறவன் கையைச் சுழற்றிவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பட்டாபிராமன் இருமித் தொலைத்தார். ஜனகராஜ் திரும்பினான், கை வெளியே வந்தது. நல்லகாமன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். பந்தை விட்டுவிட்டு, வெறுங்கையால் அந்தக் கையை வயிற்றோடு சேர்த்துத் தள்ளினான். கை தொங்கிய இடத்தைக் கடந்து போன பந்து வலைக் கம்பத்தில் மோதி எகிறியது.

இதற்குள் மூன்றாவது பேஸ்காரன் சறுக்கி வந்தான். நல்லகாமன் பந்தை எடுத்துப் பாய்ந்து வந்து பந்தால் அவனைத் தொட்டான். ஒரு நூல் தாமதம்.

மைதானமே அம்பயரைப் பார்த்தது. அவுட் என்று சொன்னால் நன்றிக்கடன் தீர்ந்தது, யார் கேட்கப் போகிறார்கள்? கண்ணில் நீர் முட்டியது. முழுசாக இருந்த இரண்டு கைகளையும் ஜனகராஜ் அகல விரித்தான். சேஃப், ஓடிவந்தவன் அவுட் இல்லை.

எல்லாரும் கலைந்த பிறகு அவன் நல்லகாமனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நாளைக்கு நான் பரீட்சை எழுதப் போறதே உன்னாலதான் தம்பி. உன்னையே தோக்க வச்சுட்டேனே.”

“அவன் கால் முந்திருச்சு, நானும் பாத்தேன். விடுங்கண்ணே, அடுத்த வருசம் மேட்ச் வரும். வெரலு வருமா?”

நல்லகாமனுக்குக் கல்லூரியில் அதுதான் கடைசி வருஷம். ஜனகராஜ் பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை.