பைறோஸா சொன்ன பதில்

கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டின் முன்னறையில் பைறோஸாவும் சிநேகிதி ஜெகதீஸ்வரியும் தத்துவப் பாடக் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டா என்பது கேள்வி. மேற்கத்தியச் சிந்தனை ஜெகதீஸ்வரிக்கு, இஸ்லாமியச் சிந்தனை பைறோஸாவுக்கு.

"என்ர ஆக்களில சிலர் லேசு," என்றாள் ஜெகதீஸ்வரி. "தடுக்க ஒருத்தரும் இல்லையெண்டால் அதுதான் சுதந்திரமாம். உன்ர ஆக்கள்?"

"செயலைப் படைக்கிறது அல்லாஹ். அதைத் தன்ரயாக்கிக் கொள்ளுறது மனுசன். அதாலதான் மறுமையில கேள்வி கணக்கும் அவனுக்கு."

"அப்ப புத்தளத்து மாப்பிள்ளையைப் படைச்சாச்சு. மிச்சம் உன்ர வேலை."

பைறோஸா சிரிக்கவில்லை. வாப்பா நானா என்று அழைக்கும் அண்ணன், பெரியவாப்பா பேசிவைத்த சம்பந்தம் அது. சரியென்றால் அடுத்த மாதம் நிக்காஹ். பரீட்சையும் படிப்பும் அத்தோடு சரி.

அசர் தொழுதுவிட்டு வந்த வாப்பா ஸஹாப்தீன், கதிரையை இழுத்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"மகள், புத்தளத்துப் பொடியனுக்கு உங்களைக் கேக்கினம். விருப்பமோ?"

இப்படிக் கேட்கும்போது கன்னிப்பெண் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தெரிந்தும் பைறோஸாவுக்கு நா எழவில்லை. வாப்பாவை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

வாப்பா சற்றுப் பார்த்திருந்துவிட்டு எழுந்தார். சந்திக் கடைக்குப் போய்ப் பெரியவாப்பாவுக்குப் போன் எடுக்க வாசலில் ஒரு செருப்பை மாட்டினார்.

நாலு வருசத்துக்கு முன், இயக்கத்தார் ஆயுதங்களோடு வந்து முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தை விட்டு இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்ன அன்றும் அவள் பேசவில்லை. அன்று எதிரே துவக்கு இருந்தது. இன்று வாப்பா மட்டும்தான் இருந்தார்.

"வாப்பா, நில்லுங்கோ. நான் ஓம் சொல்லயில்லை. எனக்கு விருப்பமில்லை."

ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து வாப்பா கதிரையில் சாய்ந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். நானா கேட்டதும் எனக்கு மறுக்க ஏலாமப் போச்சு, மகள். நீங்கள் மறுக்கோணுமெண்டு துஆக் கேட்டுத்தான் வந்தனான்."

"பிறகேன் கேட்டீங்கள்?"

"கேளாமல் விட்டா நீங்கள் எங்க சொல்லுறது?"

"அங்கிள், இதைத்தான் நாங்கள் பத்துப் பக்கத்தில இழுக்கிறம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகம் வாடியது. "நானாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நானே சொல்லுறன், வாப்பா." பைறோஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். இவ்வளவு லேசாக அவள் மூச்சுவிட்டு ஒரு வாரமாகியிருந்தது.

வாப்பா மற்றச் செருப்பைத் தேடினார். "அடையாள அட்டையை எடுங்கோ மகள். சந்தியில ஆமிக்காரங்கள் செக் பண்ணுறாங்கள்."